திராட்டில் பெரிதானால் திறன் பெருகுமா?

எஞ்சினுள் செல்லும் காற்றைத் திறந்து அடைக்கும் தட்டுக் கதவே திராட்டில். டர்போ பொருத்திய எஞ்சின் இருமடங்கு காற்றை உட்கொள்வதால் அதற்குப் பெரிய திராட்டில் தேவை என்று உதிரிபாகம் விற்போர் கூறுவதுண்டு. கேட்பதற்குச் சரியாகவே தோன்றும். ஆனால் காற்று இருமடங்கு அழுத்தப்பட்டுக் குளிர்விக்கப்படும்போது அதன் அடர்த்தியும் ஏறக்குறைய இருமடங்காகிறதே! எடைதான் கூடுகிறது, அதே சுழற்சி வேகத்தில் கனஅளவு முன்போலத்தான்.

1989-இல் வெளிவந்த நிஸான் ஸ்கைலைன் ஜி.டி.-ஆர் காரில் 6 சிலிண்டர்களுக்கும் தனித்தனியே 45 மி.மீ. திராட்டில்கள். இவற்றை அகற்றி, 90 மி.மீ. திராட்டில் ஒன்றைப் பொருத்துவோர் உண்டு. ஆறின் மொத்தப் பரப்பு இதைப்போல் ஒன்றரை மடங்கு. ஆகவே பழையதே மேல் என்பதும் பொருந்தாத வாதம். ஒரே நேரத்தில் காற்றை இழுப்பவை சுமார் இரண்டு சிலிண்டர்களே. அவ்விரண்டின் பரப்பைப்போல் 90 மி.மீ. வாய் இருமடங்கு. உச்ச வேகத்தில் இது உதவலாம். ஆனால் மிதித்தவுடன் எழும் துள்ளல் குறையும். பெரிய தட்டு சிறிது அசைந்தாலே காற்று மிகுதியாகப் புகுவதால், நெரிசலில் கார் உதறும்.

ஆகவே, வாங்குமுன் முழுத் திறப்பில், உச்ச வேகத்தில், திராட்டிலுக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும். வேறுபாடு அற்பமானால் செலவு வீண். பொருத்துவோர் உள்ளிழுப்புக் குழாயின் வாயையும் கவனிக்க வேண்டும்: 90 மி.மீ. தட்டுக்குப் பின்னே 70 மி.மீ. துளை இருந்தால் எஞ்சினுக்குக் கிடைப்பது 70-தான். திறப்பை அளக்கும் உணர்கருவியையும் மீண்டும் சரிசெய்யாவிட்டால் எரிபொருள் அளவு பிசகிவிடும்.