கம்பஸுக்குப் பதிலாகவா, பட்டத்துக்குத் துணையாகவா?

2022 மார்ச் மாதக் கடைசி. யாழ்ப்பாணத்திலிருந்து அக்காவின் மகன் அழைத்தான். உயர்தரப் பரீட்சை முடிந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. "மாமா, வீட்டில சும்மா இருக்கிறன். சிசிஎன்ஏ செய்யட்டோ, பிஐடி செய்யட்டோ? எது கெதியா வேலை தரும்?" நான் பதில் சொல்லத் தொடங்கும்போதே இணைப்பு அறுந்துவிட்டது. அந்த நாள்களில் அங்கே 13 மணி நேரம் வரை மின்வெட்டு.

அதே வாரம் திருச்சியில், நான் வலையமைப்புப் பாடம் எடுக்கும் வகுப்பு முடிந்ததும் இரண்டாம் ஆண்டுப் பொறியியல் மாணவி ஒருத்தி வந்து நின்றாள். "சார், அடுத்த வருஷம் பிளேஸ்மென்ட் ஆரம்பிச்சிடும். ரெஸ்யூமேல ஏற்கெனவே ஆறு சர்டிபிகேட் இருக்கு. இன்னும் ரெண்டு போட்டா வெயிட்டா இருக்குமா?"

இருவருக்கும் வயது 19. இருவரும் தமிழ் வழியில் படித்துக் கணினித் துறையைக் கனவு காண்பவர்கள். இருவர் கேட்டதும் சான்றிதழ் பற்றித்தான். ஆனால் இரண்டும் ஒரே கேள்வியல்ல என்பது எனக்குப் புரியக் கொஞ்சம் நாளாயிற்று. அவனுக்கு அந்தத் தாள் கம்பஸுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு, பதிலாக வேண்டும். அவளுக்கு அது கையில் வரப்போகும் பட்டத்துக்குத் துணையாக வேண்டும். கடலுக்கு இக்கரையிலும் அக்கரையிலும் பதின்ம வயதினர் கணினித் தொழிலுக்குத் திட்டமிடும் முறை வேறுபடுவதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

முதலில் நாள்காட்டியைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு மார்ச்சில். மே மாதம் ரிசல்ட். ஜூலை, ஆகஸ்டில் கவுன்சலிங். அது முடிந்த கையோடு கல்லூரி. பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு மூச்சு விடவும் இடைவெளி இல்லை. இலங்கையில் உயர்தரம் எழுதும்போதே வயது 18, 19 ஆகிவிடும். பெறுபேறு வரச் சில மாதங்கள், வெட்டுப்புள்ளி வர மேலும் சில மாதங்கள், கம்பஸ் தொடங்க அதற்கு மேலும். கொரோனாவும் பொருளாதார நெருக்கடியும் இந்தக் காத்திருப்பை இன்னும் நீட்டின. 2021-க்குரிய உயர்தரம் 2022 பெப்ரவரியில்தான் நடந்தது. 2022-க்குரியது 2023 ஜனவரிக்குப் போனது. திருச்சி மாணவி பாதிப் பட்டம் முடித்திருந்த வயதில் என் மருமகன் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தான்.

அடுத்தது வாசலின் அகலம். தமிழ்நாட்டில் பொறியியல் நுழைவுத் தேர்வு 2007-இல் ஒழிந்தது. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போட்டு ஒற்றைச் சாளரத்தில் இடம் தருகிறார்கள். கல்லூரிகளோ நானூறுக்கும் மேல். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. நல்ல கல்லூரி கிடைப்பது கடினம். ஏதோ ஒரு கல்லூரி கிடைப்பது கடினமில்லை. இலங்கையில் உயர்தரத்தில் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகம் கிடைக்கிறது. இசட் புள்ளி பார்த்து, 40 சதவீதம் அகில இலங்கைத் தரவரிசைக்கு, 55 சதவீதம் மாவட்டங்களுக்கு, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பிரிக்கிறார்கள். கொழும்பு, மொரட்டுவை, யாழ்ப்பாணம், வவுனியா போன்ற பல்கலைக்கழகங்களில் கணினி படிக்கலாம். ஆனால் இடங்கள் குறைவு. கிடைக்காதவர்கள் அதே பரீட்சையை இரண்டாம் ஷை, மூன்றாம் ஷை என்று திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள்.

வாசல் குறுகலாக இருந்தால் பக்கக் கதவுகள் முளைக்கும். இலங்கைப் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் அப்படி ஒரு கதவு. பிரித்தானியக் கணினிச் சங்கத்தின் பிசிஎஸ் பரீட்சைகள் அங்கே பல தலைமுறையாகப் பேர்போனவை. பட்டம் இல்லாமலே பட்டத்துக்கு ஈடான தகைமை என்பதுதான் அதன் ஈர்ப்பு. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000-இல் தொடங்கிய பிஐடி வெளிவாரிப் பட்டம் இன்னொரு கதவு. உயர்தரத்தில் மூன்று பாட சித்தி போதும்; அது இல்லாதவர் எப்ஐடி என்ற அடிப்படைப் பாடநெறியை முடித்து உள்ளே வரலாம். முதலாம் ஆண்டில் நிறுத்தினால் டிப்ளோமா, இரண்டாம் ஆண்டில் நிறுத்தினால் உயர் டிப்ளோமா. தொழிற்பயிற்சி நிலையங்களின் என்விகியூ தகைமை 1 முதல் 7 வரை படிப்படியாக ஏறுகிறது. ஏழாம் படி பட்டத்துக்குச் சமம். ஆக, அங்கே ஒரு பிள்ளை எந்தச் சான்றிதழைத் தொட்டாலும், இதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏற முடியுமா என்று பார்த்தே தொடுகிறது.

தமிழ்நாட்டில் சான்றிதழ் பட்டத்தின் நிழலில் வளர்கிறது. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டம் பெருநிறுவனங்களின் பாடங்களைக் கல்லூரிக்குள்ளேயே இலவசமாகக் கொண்டுவந்தது. ஐஐடிகளின் என்பிடெல் பாடங்களை யாரும் காசில்லாமல் பார்க்கலாம். தேர்வு எழுதத்தான் ஆயிரம் ரூபாய் அளவில் கட்டணம். வாரப் பயிற்சிக்கு 25, தேர்வுக்கு 75 என்று மதிப்பெண். மதிப்பெண்ணை கிரெடிட்டாக ஏற்கும் கல்லூரிகளும் உண்டு. கிராமத்திலிருந்து வரும் முதல் பட்டதாரிப் பிள்ளைக்கு இவ்வளவும் கையெட்டும் தூரத்தில் கிடைப்பது பெரிய கொடை. ஆனால் எளிதாகக் கிடைப்பதால் குவிக்கும் பழக்கமும் வந்துவிடுகிறது. வாரப் பயிற்சியின் விடைகள் வாட்ஸ்அப் குழுவில் சுற்றுவதை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். எட்டுச் சான்றிதழ் வைத்திருக்கும் பிள்ளை, அதில் ஒன்றைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொன்னால் திணறுகிறது.

கல்லூரியைச் சுற்றிப் போகாத பாதைகள் தமிழ்நாட்டிலும் இருக்கின்றன. ஸோஹோ நிறுவனம் 2005 முதல் பன்னிரண்டாம் வகுப்பும் டிப்ளோமாவும் முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்துத் தன் பள்ளியிலேயே பயிற்சி தருகிறது. எச்சிஎல் 2017 முதல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்குப் பயிற்சியும் வேலையும், கூடவே பட்டப்படிப்பும் என்று ஒரு திட்டம் நடத்துகிறது. ஐடிஐ-யில் ஓராண்டு 'கோபா' பிரிவு இருக்கிறது. ஆனாலும் பட்டம் இல்லாமல் போவதை வீட்டில் ஏற்கவைப்பதுதான் பெரும்பாடு. இலங்கையில் பட்டம் கிடைக்காது என்பதால் பக்கக் கதவைத் தட்டுகிறார்கள். தமிழ்நாட்டில் பட்டம் கிடைக்கும் என்பதாலேயே பக்கக் கதவை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

பணத்துக்கு வருவோம். சிஸ்கோவின் வலையமைப்புச் சான்றிதழான சிசிஎன்ஏ-யின் தேர்வுக் கட்டணம் 300 டொலர். 2022 தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 இலங்கை ரூபாய், கட்டணம் 60,000. மே மாதத்தில் டொலர் 360-ஐத் தொட்டபோது அதே தேர்வு 1,08,000. தேர்வின் ஒரு கேள்விகூட மாறவில்லை. ஆனால் ஒரு தையற்காரரின், ஒரு மீனவரின் வீட்டுக்கு அது எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. இந்திய ரூபாயில் அது அப்போது 23,000 அளவு. அதுவும் கூலி வேலை செய்யும் குடும்பத்துக்குச் சிறிய தொகையல்ல. எனவே எந்தத் தாளை வாங்குவது என்று கேட்பதற்கு முன், எப்போது வாங்குவது என்று கேட்க வேண்டும்.

இந்த 'எப்போது' பலர் கண்ணில் படுவதில்லை. சிசிஎன்ஏ-யின் ஆயுள் மூன்று ஆண்டு. பெற்றோர் ஒப்புதலோடு பதின்மூன்று வயதிலேயே எழுதலாம்தான். ஆனால் திருச்சியில் 17 வயதில் எழுதினால் 20-இல் காலாவதியாகிவிடும். பிளேஸ்மென்ட் நடக்கும் வேளையில் செத்த தாள் கையில் இருக்கும். வைத்திருப்பவர் பிழை ஏதுமில்லாமலே சான்றிதழ் சாவதும் உண்டு. ஒரு காலத்தில் கணினி நிலையம்தோறும் பலகையில் தொங்கிய எம்சிஎஸ்இ சான்றிதழை மைக்ரோசாப்ட் 2021 ஜனவரியில் நிறுத்திவிட்டது. நானும் பதினெட்டு வயதில், எங்களூர் நிலையம் ஒன்றில் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துச் 'சர்வதேச டிப்ளோமா' வாங்கினேன். தங்க முத்திரை போட்ட கனமான தாள். இதுவரை எந்த நேர்காணலிலும் அதை ஒருவரும் கேட்டதில்லை. அந்தச் சங்கிலி மூழ்கிப் போனது. அதனால்தான் பிள்ளைகள் சான்றிதழ் என்று வரும்போது நான் உடனே தலையாட்டுவதில்லை.

அழியாதது எது? மின்சாரம் இல்லாத அந்த மாதங்களில் மருமகனுக்கு நான் ஒரு வேலை கொடுத்தேன். 192.168.10.0 என்ற வலையமைப்பை நான்கு சம பங்காகப் பிரி. பகலில் கரண்ட் இருக்கும் நேரத்தில் சிஸ்கோவின் இலவசக் கற்கைத் தளத்தில் படித்தான். இரவில் குப்பி விளக்கில் கொப்பியில் கணக்குப் போட்டான். எட்டு இலக்க இருமத்தில் இரண்டு இலக்கம் பங்கு பிரிக்கப் போனால் மிச்சம் ஆறு. ஆகவே ஒவ்வொரு பங்கிலும் 64 முகவரி. முதலும் கடைசியும் போக, கருவிகளுக்குக் கொடுக்க 62. கரண்ட் வந்ததும் 'பக்கெற் ட்ரேசர்' என்ற இலவச மென்பொருளில் இரண்டு ரவுட்டரை வரைந்து இணைத்து, ஒன்றிலிருந்து மற்றதுக்குச் செய்தி போகிறதா என்று பார்த்தான். போகவில்லை. மூன்று நாள் தேடி, ஒரு முனையின் முகவரி அடுத்த பங்குக்குள் விழுந்திருப்பதைத் தானே கண்டுபிடித்தான். அன்றிரவு அவன் குரலில் இருந்த மகிழ்ச்சி எந்தப் பெறுபேற்றுக்கும் குறைந்ததில்லை. இதற்கு ஒரு சதம் செலவில்லை.

திருச்சி மாணவிக்கும் அதே கணக்கைக் கொடுத்தேன். அவளுடைய ஆறு சான்றிதழில் ஒன்று வலையமைப்பு பற்றியது. கணக்கு வரவில்லை. ஆனால் அவளிடம் இருந்தது மருமகனிடம் இல்லாதது: சுற்றி உட்கார்ந்து படிக்க நான்கு தோழிகள், ஆய்வகம், அறுபடாத மின்சாரம். ஒரே வாரத்தில் ஐந்து பேரும் பிடித்துக்கொண்டார்கள். தனியே மூன்று நாள் முட்டி மோதியவனுக்கு ஆழம் கிடைத்தது. கூட்டாகப் படித்தவர்களுக்கு வேகம் கிடைத்தது. இரு கரையும் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

மொழியில் இரு கரைக்கும் ஒரே பாடு. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலிலும் இலங்கை உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலிலும் பைதன் இருக்கிறது. இரண்டையும் தமிழிலேயே படிக்கலாம். தமிழில் கற்ற பிள்ளைக்கு 'மாறி' என்றால் என்ன என்று தெளிவாகத் தெரியும். ஆனால் பிஐடி தேர்வும் ஆங்கிலத்தில், சிசிஎன்ஏ-யும் ஆங்கிலத்தில். விடை தெரிந்தும் கேள்வி புரியாமல் தோற்கும் பிள்ளைகள் இரு நாட்டிலும் உண்டு. சான்றிதழுக்கு ஒதுக்கும் காலத்தில் பாதியைத் தொழில்நுட்ப ஆங்கிலம் வாசிக்க ஒதுக்குங்கள் என்று இரு பக்கத்துப் பெற்றோருக்கும் சொல்லிவருகிறேன்.

இன்னொரு ஒற்றுமை நம்பிக்கை தருகிறது. கொழும்பு 2000-இல் செய்ததைப் போன்ற ஒன்றை ஐஐடி மெட்ராஸ் 2021-இல் செய்தது. ஜேஇஇ நுழைவுத் தேர்வு இல்லாமல், ஒரு தகுதிச் சுற்று வழியாக நுழைந்து வீட்டிலிருந்தே தரவு அறிவியல் படிக்கலாம். அடிப்படைச் சான்றிதழ், டிப்ளோமா, பட்டம் என்று எந்தப் படியிலும் இறங்கிக்கொள்ளலாம். அரசு நடத்தும் நிறுவனம், படிப்படியான தகைமை, இடையில் நின்றாலும் வீணாகாத உழைப்பு. பதின்ம வயதுப் பிள்ளைக்கு நான் முதலில் காட்டும் வழி இதுவே. தனியார் நிறுவனத்தின் தாள் மூன்று ஆண்டில் காலாவதியாகும். இந்தப் படிகள் அப்படி ஆவதில்லை.

ஆகவே என் கணக்கு இதுதான். பதினைந்து, பதினாறு வயதில், அதாவது சாதாரண தரமோ பத்தாம் வகுப்போ முடிந்த விடுமுறையில், காசு கொடுத்து எந்தத் தேர்வும் வேண்டாம். இலவசப் பாடம் ஒன்று, நிரல்மொழி ஒன்று, ஆங்கில வாசிப்பு. பதினேழு, பதினெட்டில் பள்ளித் தேர்வுதான் முதல். அதற்குக் குறுக்கே எதுவும் வரக் கூடாது. இலங்கையில் உயர்தரத்துக்குப் பின் வரும் காத்திருப்பில் பிஐடி போன்ற படிக்கட்டில் கால் வையுங்கள். கம்பஸ் கிடைத்தால் விட்டுப் போகலாம், கிடைக்காவிட்டால் ஓராண்டு மிச்சம். தமிழ்நாட்டில் கல்லூரி கிடைத்தவர்கள் ஆண்டுக்கு ஒரு பாடத்தை மட்டும் எடுத்து, அதைக் கொண்டு ஏதாவது ஒன்றைச் செய்துகாட்டுங்கள். டொலர் கொடுத்து எழுதும் தேர்வு, வேலை தேடும் ஆண்டில் வரட்டும்.

மருமகனுக்குக் கம்பஸ் கிடைக்கவில்லை. பிஐடி முதலாம் ஆண்டு டிப்ளோமாவோடு யாழ்ப்பாணத்தில் ஒரு சிறு நிறுவனத்தில் சேர்ந்தான். நேர்காணலில் அவனிடம் கேட்டது ஒரு வலையமைப்பைப் பங்கு பிரிக்கத்தான். சிசிஎன்ஏ-யை 2024-இல் எழுதினான். கட்டணத்தை நிறுவனம் கட்டியது. திருச்சி மாணவி ரெஸ்யூமேயிலிருந்து ஐந்து சான்றிதழை எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டாள். நேர்காணலில் அந்த ஒன்றைப் பற்றி இருபது நிமிடம் பேசினாள் சார் என்று அவள் தோழி வந்து சொன்னாள். அந்த இருபது நிமிடத்தில் ஒரு பகுதி, குப்பி விளக்கில் போட்ட அதே கணக்குத்தான்.