மின்னூர்தியும் கோபாற்றும்: ‘தூய்மை’ என்னும் கருத்து பற்றிய ஒரு விமரிசன நோக்கு

மின்னூர்தி புகை கக்குவதில்லை. பெற்றோலில் ஓடும் ஊர்தியோடு ஒப்பிடுமிடத்து, அதன் வாழ்நாள் முழுவதிலும் வளியிற் சேரும் காபனீரொட்சைட்டு பெரும்பாலும் குறைவு என்பது ஆய்வாளர் பலரும் ஏற்றுக்கொண்ட முடிபாகும். அதனை மறுப்பது எமது நோக்கமன்று. ஆயின், ‘தூய ஊர்தி’ என்னும் தொடர் குறிக்கும் தூய்மை எவருடைய செலவிற் பெறப்படுகின்றது என்னும் வினா எழுப்பப்படல் வேண்டும். இவ்வினாவுக்கு இதுவரை கூறப்பட்ட விடைகள் சிலவற்றை, கொங்கோ சனநாயகக் குடியரசின் கோபாற்றுச் சுரங்கங்களை ஆதாரமாகக் கொண்டு நாம் இங்கு மதிப்பிட முனைகின்றோம்.

மின்னூர்திகளிற் பயன்படும் இலிதியம் மின்கலவடுக்குகளுள் ஒரு பெரும் பிரிவுக்குக் கோபாற்று இன்றியமையாதது. உலகில் அகழப்படும் கோபாற்றில் நூற்றுக்கு 70 வீதத்துக்கு மேற்பட்டது கொங்கோவின் தென்கிழக்குப் பகுதியிலிருந்து கிடைக்கின்றது. அங்கு இருவகை அகழ்வு நடைபெறுகின்றது. பெருங் கம்பனிகள் இயந்திரங்கொண்டு அகழ்வது ஒன்று. உளியும் மண்வெட்டியும் கொண்டு தனி மனிதர் தோண்டுவது மற்றையது. தாங்குமரம் இல்லாத குழிகளில் இத்தோண்டுவோர் இறங்குகின்றனர். பெண்களும் சிறாரும் தாதுக் கற்களைக் கழுவித் தரம் பிரிக்கின்றனர். சாக்குகளில் விற்கப்படும் இக்கற்கள், கொள்வனவு நிலையங்களையும் பதனிடும் ஆலைகளையும் அடைந்து பிற தாதுவுடன் கலக்கின்றன. கலந்தபின் எது எவர் கை தோண்டியது என அறிதல் அரிது. பின்னர் அவை பெரும்பாலும் சீனாவின் சுத்திகரிப்பு ஆலைகளைக் கடந்து மின்கலவடுக்காகின்றன.

இத்தோண்டுவோர் எங்கிருந்து வந்தனர்? அவர்களின் வறுமையை இயற்கையின் விதியாகக் காட்டும் எழுத்துக்கள் பல. வரலாறு வேறு விதமாகக் கூறும். 1906 இல் பெல்சிய மூலதனம் நிறுவிய யூனியன் மினியர் கம்பனி அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கற்றங்காவின் செம்பையும் கோபாற்றையும் எடுத்துச் சென்றது. நாடு விடுதலை பெற்ற 1960 இலேயே கற்றங்கா பிரிந்து செல்லத் தூண்டப்பட்டது. 1961 இல் லுமும்பா அம்மண்ணிலேயே கொல்லப்பட்டார். 1967 இல் சுரங்கங்கள் தேசியமயமாக்கப்பட்டன. மொபுட்டு ஆட்சியின் கொள்ளையாலும் கடனாலும் நலிந்த அரசுக் கம்பனி 1990களில் வீழ்ந்தது. 2002 இன் சுரங்கச் சட்டம் அந்நிய மூலதனத்துக்கு வழி திறந்தது. அடுத்த ஆண்டுகளில் உலக வங்கியின் நிதியுடன் ஏறத்தாழ 10,000 தொழிலாளர் வேலையினின்றும் விலக்கப்பட்டனர். ஆகவே, கைமுறை அகழ்வு பழைமையின் எச்சம் அன்று. நவீன மூலதனத்தின் மறுசீரமைப்பு ஈன்றெடுத்த குழந்தையே அது.

இனி, விடைகளை நோக்குவோம். சர்வதேச மன்னிப்புச் சபையும் கொங்கோவின் அஃப்றிவாச் அமைப்பும் 2016 இல் வெளியிட்ட அறிக்கை, குழியையும் உலகின் பெரும் வணிகப் பெயர்களையும் ஒரே கோட்டில் இணைத்துக் காட்டிற்று. இது பெரும் பணி. தென் கொங்கோவின் சுரங்கங்கள் அனைத்திலும் ஏறத்தாழ 40,000 சிறார் உழைப்பதாக யுனிசெப் கூறிய மதிப்பீடும் இவ்வறிக்கையினூடாகவே பரவலாக அறியப்பட்டது. அறிக்கை வளர்ந்தோரின் நிலையையும் பேசியது. ஆயினும், பத்திரிகைகள் அதிலிருந்து பெரிதும் எடுத்துக்கொண்டவை சிறுவரின் படங்களையே. தந்தையின் கூலி வாழ்வுக்குப் போதாமையாற் சிறுவன் குழிக்கு வருகின்றான் என்னும் தொடர்பு அப்படங்களில் இல்லை.

சித்தார்த் காரா 2023 இல் வெளியிட்ட ‘கோபோல்ற் றெட்’ என்னும் ஆங்கில நூலுக்கும் இக்குறை உண்டு. அது பெருந்தொகையான வாசகரைச் சென்றடைந்தது. அவர்தம் மனச்சாட்சியைத் தொட்டது. ஆயின், கொங்கோ மக்களை வதைபடுவோராக மட்டுமே காட்டுகின்றது எனவும், அந்நாட்டு ஆய்வாளரின் முன்னைய பணிகளைப் புறக்கணிக்கின்றது எனவும் அத்துறை ஆய்வாளர் பலர் கண்டித்தனர். இக்கண்டனம் நியாயமானதென்பதே எமது கருத்து. இரக்கம் மாத்திரமே எஞ்சுமிடத்து உழைப்போர் தம் கோரிக்கையைத் தாமே கூறும் இடம் அற்றுப்போகின்றது.

சட்டத்தின் விடை இன்னும் தெளிவானது. சுரங்கங்களில் இறந்தோரும் காயமுற்றோருமான சிறார் சார்பில் அப்பிள், கூகிள், டெல், மைக்கிறோசொவ்ற், டெஸ்லா ஆகியவற்றுக்கெதிராக 2019 இல் அமெரிக்காவில் வழக்குத் தொடுக்கப்பட்டது. உலகளாவிய வழங்கற் சங்கிலியினூடாகக் கோபாற்றை வாங்குவது, அதனை அகழ்வோருடன் கூட்டு முயற்சியிற் பங்கெடுப்பதாகாது என மேன்முறையீட்டு நீதிமன்றம் 2024 மார்ச்சில் தீர்ப்பளித்தது. பொறுப்பு அறிக்கைகளிற் சங்கிலியின் கண்ணிகளை எண்ணிக் காட்டும் நிறுவனங்களுக்கு, நட்டஈடு கேட்கப்படுமிடத்து அக்கண்ணிகள் தொடர்பற்றனவாகி விடுகின்றன. முரண்பாடு இதுவே. ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் இயற்றிய மின்கலவடுக்குச் சட்டம் மூலப்பொருளின் தோற்றுவாயை ஆராயும் கடப்பாட்டினை விதித்தது. 2025 ஓகத்தில் நடைமுறைக்கு வரவேண்டிய அக்கடப்பாடு 2027 வரை பிற்போடப்பட்டுள்ளது.

இவ்விடைகளுட் பல பண்டத்தின் தூய்மையையே தேடுகின்றன. ‘கறைபடியாத’ கோபாற்றை வாங்குதற்கு எளிய வழி, கையாற் தோண்டியதை வாங்காது விடுதல். அதனினும் எளிய வழி கோபாற்றையே கைவிடுதல். இரும்பும் பொசுபேற்றும் கொண்ட மின்கலவடுக்குகள் 2024 இல் உலக மின்னூர்திச் சந்தையின் ஏறக்குறையப் பாதியைப் பெற்றுவிட்டன. வாங்குவோனின் கை தூயதாகின்றது. தோண்டுவோனின் கை வெறுமையாகின்றது. கொல்வேசி நகரின் கசுலோ என்னும் குடியிருப்பின் நிலை இதனைத் தெளிவாக்கும். வீடுகளின் அடியிலேயே கோபாற்று தோண்டப்பட்ட அவ்விடத்தில், சிறாரின் சிறுநீரில் அவ்வுலோகம் மிகுந்திருந்தமையை லுவென், லுபும்பாசிப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர் 2018 இல் வெளியிட்டனர். கொள்வனவாளர் விலகிச் சென்றால் மண்ணிற் படிந்த அவ்வுலோகமும் உடன் செல்லுமா?

மாற்று வழி முற்றிலும் இல்லாததன்று. முதொசியில் 2018 முதல் 2020 வரை நடைபெற்ற முயற்சியில் இயந்திரங்கொண்டு மேல்மண் அகற்றப்பட்டது, ஆழ்குழி தவிர்க்கப்பட்டது, பாதுகாப்பு உடை வழங்கப்பட்டது, பெண்களும் தொழிலிற் சேர்ந்தனர். ஆயின், ஒரேயொரு கொள்வனவாளனே விலையை நிர்ணயித்தமை பற்றித் தோண்டுவோர் முறையிட்டனர். உயிருக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. பேரம் பேசும் ஆற்றல் கிடைக்கவில்லை.

எனவே, நாம் வற்புறுத்துவது ஒன்றே. வழங்கற் சங்கிலியின் அறம், கல்லின் தோற்றுவாயை அறிவதோடு நிறைவுறுவதில்லை. தோண்டுவோர் அமைப்பாகத் திரண்டு விலையிற் பங்கு கோரும் உரிமை, நஞ்சேறிய மண்ணையும் நீரையும் சீர்செய்யும் கடமை, வாங்குவோர் மீது சட்டபூர்வமான பொறுப்பு ஆகிய மூன்றும் அதனுள் அடங்கல் வேண்டும். இவற்றை விடுத்துப் பேசப்படும் தூய்மை, நுகர்வோனின் மனச்சாட்சிக்கு வழங்கப்படும் சான்றிதழாகலாம். உழைப்போனுக்கு வழங்கப்படும் நீதியாகாது.