வசனமா, வரலாறா?

பூலாம்பாடித் தோழர் சிலரிடம் கட்டபொம்மன் வரலாற்றைக் கேட்டோம். வரலாறு வரவில்லை, வசனம் வந்தது! 1959-இல் வெளிவந்த பந்துலு படத்தில், சக்தி கிருஷ்ணசாமியின் எழுத்தும் சிவாஜி கணேசனின் குரலும் செய்த வேலை அது. அரிய கலைதான், மறுக்கவில்லை. ஆனால், கலை சான்றாகுமோ?

மறுபுறம், கம்பெனியாரின் ஏடுகளை ஓதிக் 'கொள்ளைக்காரன்' என்று முடித்துவிடுவோரும் உளர். 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலிட்டவன் எழுதிவைத்த குறிப்பு நடுநிலையாகுமோ?

கிஸ்திப் பாக்கியால் மூண்டு, 1798-இல் இராமநாதபுரத்தில் கைகலப்பாய் முடிந்தது அந்தச் சந்திப்பு. அதை விசாரித்த கம்பெனிக் குழுவே கலெக்டர் ஜாக்சன்மீது பிழை கண்டது. அவர் பதவி பறிபோயிற்று! படத்தை வணங்குவோர் இதை அறியார். ஏட்டை ஓதுவோர் இதைச் சொல்லார். வியர்வை சிந்தி அந்தக் கிஸ்தியை விளைவித்த உழவனைப் பற்றியோ, இருவருமே பேசக் காணோம்.