இரண்டு நொடி போதும் என்ற நம்பிக்கை

ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரு ஃபங்ஷனுக்கும் அடுத்ததற்கும் இடையே இடைவெளி வேண்டுமா? செட்டைம்அவுட் என்று ஒரு வரி எழுதினால் போதும். கண்ட இடத்திலெல்லாம் அதைச் செருகத் தூண்டுவதும் இந்த எளிமைதான்.

அதன் நன்மை உண்மையானது. பிரவுசரில் பக்கத்தின் நிரல் ஒற்றை இழையில் ஓடுகிறது. வெறும் லூப்பைச் சுற்றவிட்டு நேரம் கடத்தினால் பக்கமே உறைந்துபோகும். செட்டைம்அவுட் வேலையைக் குறித்துவைத்துக்கொண்டு இழையை விட்டுவிடுகிறது. ஆனால் 500 என்று எழுதினால், 500 மில்லிசெகண்டுக்கு முன்னால் ஓடாது என்பது மட்டுமே உறுதி. முன்னால் நிற்கும் வேலை இழுத்தால் இதுவும் தள்ளிப்போகும். பின்னணியில் கிடக்கும் டேபில் பிரவுசரே இடைவெளியை ஒரு நொடிக்கோ அதற்கு மேலோ நீட்டிவிடும்.

பல இடைவெளிகளை வரிசையாக வைக்க, முன்பு ஃபங்ஷனுக்குள் ஃபங்ஷனாக அடுக்க வேண்டியிருந்தது. 2015-இல் பிராமிஸும் 2017-இல் அவெயிட்டும் மொழியின் தரநிலைக்குள் வந்தபின் நேர்வரிசையில் எழுத முடிகிறது. ஒரு கண்ணி மட்டும் இன்னும் பலரை வீழ்த்துகிறது: ஃபார்ஈச்சுக்குள் அவெயிட் எழுதினால் அடுத்த சுற்று காத்திருக்காது, எல்லாம் ஒன்றாகக் கிளம்பிவிடும். அங்கே ஃபார்-ஆஃப் லூப்தான் சரி.

நேரமே காரணமாக இருக்கும் இடங்களில் தாமதம் நியாயமானது. அளவுக்கு மீறிக் கேட்டதால் சர்வர் 429 என்று மறுத்தால், அது சொல்லும் நேரம்வரை பொறுப்பதே முறை. தேடல் பெட்டியில் தட்டச்சு நிற்கும்வரை காத்திருப்பதும் அப்படித்தான்.

நான் கடுமையாக எதிர்ப்பது, "இரண்டு நொடியில் தரவு வந்திருக்கும்" என்று எழுதப்படும் தாமதத்தை. வேகமான இணைப்பில் அது வீண் காத்திருப்பு. சிக்னல் மங்கிய ஃபோனில் அதுவே பிழை. எழுதியவரின் கணினியில் மட்டும் ஒழுங்காக ஓடும். தானியங்கிச் சோதனைகளில் இது இன்னும் மோசம்: சில நாள் தேறும், சில நாள் தவறும். யாராவது 2-ஐ 5 ஆக்குவார்கள். பிழை அப்படியே இருக்க, சோதனை மட்டும் மெதுவாகும். எது முடிந்தபின் எது நடக்க வேண்டும் என்ற தகவலை அந்த எண் மறைத்துவிடுகிறது. பிறகு படிப்பவர் அதைத் தொடவே அஞ்சுவார்.

எண்ணை ஊகிக்கத் தேவையில்லை: சர்வரின் பதில் வந்ததை ஃபெட்ச் தரும் பிராமிஸ் சொல்லும். பக்கத்தில் ஓர் உறுப்பு சேர்ந்ததை மியூட்டேஷன்அப்சர்வர் சொல்லும். எந்த அறிவிப்பும் தராத வெளியார் நிரலோடு மல்லுக்கட்டும்போது, நிபந்தனையைச் சிறு இடைவெளிகளில் சோதித்து, ஓர் உச்சவரம்பில் நிறுத்தி, ஏன் என்பதைப் பக்கத்திலேயே குறிப்பாக எழுதிவைத்தால் அந்தத் தாமதத்தை ஏற்றுக்கொள்வேன்.