ஏடும் நாவும்: கூத்துப் பாடலில் மனனத்தின் இடம்

மரபுவழிப் பாடல்களை மனனஞ் செய்தே பாடுதல் வேண்டும் என்பாரும், அச்சிட்ட தாளைப் பார்த்துப் பாடுவதிற் குறையொன்றும் இல்லை என்பாரும் நம்மிடையே உளர். முன்னவர் பாடுவோர் கையில் தாளைக் கண்டதுமே மரபு அழிந்தது என்பர். பின்னவர் மனனத்தை எழுத்தறிவு அருகியிருந்த காலத்தின் எச்சமெனக் கொள்வர். அப்பாடல் எவ்வகை ஆற்றுகைக்குரியது என்னும் வினாவை எழுப்பாமலே இரு சாராரும் முடிவு கூறுகின்றனர். அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாழ்ப்பாணத்துச் சைவக் கோயில்களில் நிகழும் புராணபடனத்தை முதலில் நோக்குவோம். கந்தபுராணச் செய்யுளை ஒருவர் நூலைப் பார்த்து இராகத்தோடு படிக்க, மற்றொருவர் அதன் பயனை விரித்துரைப்பார். இங்கு நூல் நினைவின் குறையை நிரப்பும் துணைக்கருவி அன்று. படிக்கப்படும் நூலே சபையின் நடுநாயகமாகும். ஆதலின், நூலைப் பார்த்துப் பாடுதல் யாவும் மரபுக்குப் புறம்பானது என்ற கூற்று நமது மரபினாலேயே மறுக்கப்படுகின்றது.

மட்டக்களப்பு வடமோடி, தென்மோடிக் கூத்துகளின் நிலை வேறு. வட்டக் களரியின் நடுவே அண்ணாவியார் மத்தளத்துடன் நிற்பார்; தாளக்காரரும் பிற்பாட்டுக்காரரும் அவரருகே நிற்பர்; கூத்தர் அவர்களைச் சுற்றி ஆடுவர். ஏடு பார்ப்பவரும் அங்கு உண்டு. ஆயின் அவர் பாடல் தவறுமிடத்து எடுத்துக் கொடுப்பவர் மாத்திரமே. 'சட்டங் கொடுத்தல்' என்னும் நிகழ்ச்சியிற் கூத்தர் தத்தம் பாடல்களை எழுத்திற் பெறுகின்றனர். சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் ஆகியவற்றைக் கடந்து அரங்கேற்றத்தை அடையும்போது அவ்வெழுத்து அவர் நாவிலும் காலிலும் படிந்துவிடுகின்றது. எனவே, கூத்து எழுத்தை அறியாத கலையன்று; எழுத்திலே தொடங்கி, எழுத்தை விட்டு நீங்கும் கலையாகும்.

ஆடுவோர் தாளை ஏந்த இயலாமை வெளிப்படை. பிற்பாட்டுக்காரருக்குத் தாள் இருந்தாலென்ன என்று கேட்கலாம். மாணவர் கூத்து ஒத்திகையொன்றிற் பிற்பாட்டுப் பாடியோருள் யானும் ஒருவன். எம்முட் சிலர் கையிற் படியெடுத்த தாள். சிலர் கையிற் கையடக்கத் தொலைபேசி. ஆடியவர் களைத்தமையைக் கண்ட அண்ணாவியார், தருவின் பின்னடிகளை விடுத்து ஆட்டத்தை முடிக்க முற்பட்டார். நாமோ தாளிற் கண்ட அடுத்த அடியைப் பாடிக்கொண்டிருந்தோம். ஒரு சொல்லும் பிழைக்கவில்லை. ஆட்டம் மட்டும் குழம்பியது. அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தி, "தம்பிமார், அவன்ட காலப் பாத்துப் படிங்க" என்றார். பிற்பாட்டுக்காரரின் கை ஓய்ந்திருப்பினும் கண் ஓய்ந்திருப்பதில்லை என்பதை அன்றே உணர்ந்தேன்.

இதனால் அச்சை இகழ்தல் தகாது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்த அலங்காரரூபன் நாட்டகம் (1962), எண்டிறீக்கு எம்பரதோர் நாட்டகம் (1964) ஆகியன இரு கூத்துகளை அழியாது காத்த அரும்பணிகளாகும். ஆயினும், கூத்துப் பிரதி 'விருத்தம்', 'தரு' எனத் தலைப்பிட்டுச் சொற்களைத் தருமேயன்றி, அவற்றின் மெட்டையும் ஆட்டத்தையும் முழுமையாகத் தருவதில்லை. அவை அண்ணாவியாரிடமிருந்து நேரிற் பெறப்படவேண்டியவை. அதே பேராசிரியர் 1962இற் கர்ணன் போரைச் சுருக்கி மேடையேற்றியபோது அதனை ஆடியவர்கள் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்கள் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. மனனம் எழுத்தறியாமையின் எச்சமாயின், எழுத்தே தொழிலாகக் கொண்ட அம்மாணவர் கூத்தை மனனஞ் செய்து ஆடவேண்டிய தேவை யாது?

கிராமத்திற் பல மாதங்கள் பயிலப்படும் கூத்தை நாம் சில வாரங்களிற் பழகுகின்றோம். தாள் இன்றேற் பலர் பாட முன்வரவே மாட்டார் என்பர். இது புறக்கணிக்கத்தக்க கூற்றன்று. பழகத் தொடங்குவோர் கையிற் தாள் இருப்பதில் தவறில்லை. அரங்கேற்ற நாளிலும் அது கையைவிட்டு நீங்காதிருப்பதே குறை. காலம் போதாதெனிற் பாடல்களைக் குறைக்கலாம். அடுக்குப் பார்க்கும் நாளிலே தாள்களை வாங்கி வைத்துவிட்டு, எஞ்சிய பாடல்களை மாத்திரம் அரங்கேற்றுவோமாயின் நமது கூத்து சிறிதாகலாம். ஆயினும் அது கூத்தாகவே இருக்கும்.