களரிக்கு முந்திய இரவுகள்: மட்டக்களப்புக் கூத்தின் ஆயத்தக் காலமும் திறனாய்வின் தொடக்கப்புள்ளியும்

மட்டக்களப்புக் கூத்தைப் பற்றிய திறனாய்வு பெரும்பாலும் அரங்கேற்ற இரவிலிருந்தே தொடங்குகிறது. வட்டக்களரி, மத்தளமும் சல்லரியும், கரப்புடுப்பு, வடமோடி தென்மோடி ஆட்டங்களின் வேறுபாடு, பனுவலின் கதைமூலம் ஆகியவை விரிவாக எழுதப்பட்டுள்ளன. அவ்விரவுக்கு முன் மாதக்கணக்கில் நடைபெறும் பயிற்சியும் ஊர்க்கூட்டங்களும் சடங்குகளும் 'ஆயத்தம்' என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. கூத்தின் நிதானம், திரும்பக் கூறல், நீண்ட வரவாட்டம் ஆகியவற்றைச் சுருக்கத்தக்கவையாகக் கண்ட மதிப்பீடுகள் இந்த விடுபடலிலிருந்தே பிறந்தன என்பது இக்கட்டுரையின் வாதம்.

சி. மௌனகுருவின் 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' (1998) இவ்வகையில் ஒரு விலக்கு. கூத்துப் பழகும் முறையையும் அதன் படிநிலைகளையும் அந்நூல் தனியே விவரிக்கிறது. ஆயினும் பின்வந்தோர் அதன் ஆடல், பாடல் வகைப்பாடுகளை எடுத்தாண்ட அளவுக்கு அப்பகுதியை எடுத்தாளவில்லை.

தமிழகத் தெருக்கூத்தை மட்டும் அறிந்த வாசகர்க்கு ஒரு வேறுபாட்டை இங்குச் சொல்லியாக வேண்டும். வடதமிழகத்தில் கூத்துக் குழு பெரும்பாலும் வெளியூரிலிருந்து அழைக்கப்படுவது; ஒப்பனைக் கொட்டகைக்குள் நடப்பது அக்குழுவின் தொழில்சார்ந்தது. மட்டக்களப்பில் ஆடுவோர் அவ்வூரின் உழவரும் மீனவரும் பிற தொழிலாளருமே. பகலில் வயலில் கண்ட முகம் இரவில் தருமனாகவோ வீமனாகவோ பழகுகிறது. ஆகவே ஊருக்குத் தெரியாத 'திரைக்குப் பின்' என்பதே இவ்வரங்கில் இல்லை.

கூத்துப் போடுவதென ஊர் முடிவுசெய்தபின் நல்ல நாளொன்றில் 'சட்டம் கொடுத்தல்' நிகழ்கிறது. அண்ணாவியார் ஆடுவோரின் குரலையும் உடற்கட்டையும் நோக்கி வேடம் பகிர்வார். அவரவர்க்குரிய பாட்டும் வசனமும் எழுதிய ஏடு அவரவர் கையில் தரப்படும். ஏட்டுச்சட்டத்தின் பெயரே சடங்குக்கும் ஆகிவந்தது. இதன் விளைவு கவனிக்கத்தக்கது: ஆடுபவன் கையில் இருப்பது நாடகமன்று, நாடகத்தின் ஒரு கூறு. முழுமை அண்ணாவியாரின் நினைவிலும் மூலப்படியிலும் இருக்கிறது. அத்தோடு, இரவுதோறும் பயிற்சிக்களத்தைச் சுற்றி அமர்ந்து பார்க்கும் ஊராரிடமும் அது மெல்லச் சேர்கிறது. ஆட்டம் ஓரளவு படிந்தபின் சதங்கை அணியும் நிகழ்வும், எல்லாக் கூறுகளையும் வரிசைப்படுத்தி ஆடிப் பார்க்கும் 'அடுக்குப் பார்த்தலும்' வருவதற்குள், எவருக்கு எந்தத் தாளக்கட்டு தடுமாறும், எவர் குரல் எந்த உச்சத்தில் உடையும் என்பன ஊரறிந்த செய்திகளாகிவிடுகின்றன.

இப்பார்வையாளர் அரங்கேற்றத்தில் கதை அறிய அமர்வதில்லை. முடிவு தெரிந்த கதை; கேட்டுக் கேட்டு மனனமான பாட்டு. அவர்கள் காண வந்தது, இத்தனை மாதம் தடுமாறியவன் இன்று வேடம் தரித்துக் களரிக்குள் எப்படி நுழைகிறான் என்பதை. அதனால்தான் ஒவ்வொரு பாத்திரத்தின் வரவும் அத்தனை நீளம். கதை ஓட்டத்தை அளவுகோலாகக் கொண்டால் வரவாட்டம் தடை. பயிற்சி இரவுகளை அளவுகோலாகக் கொண்டால் அதுவே உச்சம். ஒரே பகுதியைப் பற்றிய இரு தீர்ப்புகளும் திறனாய்வாளர் எந்த இரவிலிருந்து பார்க்கத் தொடங்கினார் என்பதைப் பொறுத்தவை.

1956இல் சரச்சந்திர 'மனமே'யை மேடையேற்றிச் சிங்கள நாடகத்துக்குப் புதுவழி காட்டிய சூழலில், சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியன அறுபதுகளில் அவ்வாறு உருவாயின. விடிய விடிய ஆடிய கூத்து சில மணி நேரத்துக்குள் வந்தது. வட்டக்களரி ஒருபக்கம் திறந்த மேடையானது. நாகரிகமற்றதென ஒதுக்கப்பட்ட ஒரு கலைக்குக் கற்றோர் அவையில் மதிப்புத் தேடித் தந்த இம்முயற்சியைக் கூத்தைச் சிதைத்த செயலாகச் சித்திரிப்பது நியாயமன்று. பேராதனை அரங்கில் அமர்ந்திருந்தோர் பயிற்சி இரவுகளைக் காணாதவர்கள். அவர்களுக்கு நீண்ட வரவு பொருளற்றதாகவே இருந்திருக்கும். வித்தியானந்தனின் சுருக்கம் அந்தப் பார்வையாளர்க்கு ஏற்ற சரியான முடிவு. பிழை அதன்பின் நேர்ந்தது: புதிய பார்வையாளரை நோக்கிய அச்சுருக்கத்தையே கூத்தின் 'செம்மை' எனக் கொண்டு, ஊர்க்கூத்தை அதனினும் தாழ்ந்த நிலையில் வைத்தது திறனாய்வு.

ரிச்சர்ட் ஷெக்னர் ஆற்றுகையைப் பயிற்சி, பட்டறை, ஒத்திகை, ஆயத்தம், நிகழ்வு, தணிவு, பின்விளைவு என ஏழு கட்டங்களாகக் கண்டார். இக்கருத்தாக்கத்தைத் தமிழ் ஆய்வேடுகள் பட்டியலாக ஒப்புவித்துவிட்டு, மீண்டும் ஐந்தாம் கட்டத்துக்கே திரும்பிவிடுவது வழக்கமாகியுள்ளது. மட்டக்களப்பில் அரங்கேற்றத்துக்குப் பின் 'வீட்டுக்கு வீடு ஆடுதல்' உண்டு. களரிக்கு வந்து பார்த்தவரின் வாசலுக்குக் களரியே செல்கிறது. வீட்டார் தரும் அன்பளிப்பு கூத்துச் செலவை ஈடுசெய்யவும் உதவுகிறது. இதைப் 'பின்விளைவு' எனப் பெயரிட்டு நிறுத்துவதால் அதன் பொருளியல் விளங்காது.

ஆயத்தக் காலத்தை முன்னிறுத்துவது அதைப் புனிதப்படுத்துவதாகிவிடக் கூடாது. வேடப் பங்கீடு குரலையும் உடலையும் மட்டும் நோக்கி நடந்ததாகக் கொள்ள இயலாது. அரச வேடம் எவருக்கு, ஏவல் வேடம் எவருக்கு என்பதில் சாதியும் குடியும் செல்வாக்கும் குறுக்கிட்டன. மரபில் பெண்வேடத்தையும் ஆண்களே தரித்தனர். பெண்களின் சேலையும் நகையும் களரிக்குள் சென்றன, அவர்கள் செல்லவில்லை. அரங்கேற்ற இரவின் ஒளியில் இவ்விலக்கல்கள் தெரிவதில்லை. வேடம் தரித்தவனே கண்ணில் படுகிறான். யாரை ஊர் வேடத்துக்கு அழைக்கவில்லை என்பது சட்டம் கொடுக்கும் நாளில்தான் வெளிப்படும். சமூக விமரிசன நோக்கிலும் அந்நாள் முதன்மையான சான்றாவது இதனாலேயே.

சி. ஜெயசங்கர் சீலாமுனை மக்களுடன் இணைந்து முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம் இந்நுட்பத்தை உணர்ந்த முயற்சி. அது கூத்தை ஊரிலிருந்து பெயர்க்கவில்லை. வட்டக்களரியையும் நெடிய பழகும் காலத்தையும் விடவில்லை. பனுவலில் சாதி, பால் சார்ந்த இழிவுகள் வரும் இடங்களை ஊராரும் அண்ணாவிமாரும் கூடிப் பேசி மாற்ற முனைந்தது. மாற்றத்தின் களமாக அது தேர்ந்தது பயிற்சி இரவுகளையே. மேடைச் சுருக்கத்துக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இங்கே உள்ளது: ஒன்றில் வெட்டும் உரிமை நெறியாளரிடம், மற்றதில் வாதிடும் உரிமை ஆடுவோரிடம். எனினும் இம்முயற்சியைப் பற்றிய எழுத்துகள் பெரிதும் அதில் ஈடுபட்டோரின் கைவழி வந்தவை. ஊர் உரையாடலில் எந்த அடி மறுக்கப்பட்டது, எந்த மாற்றத்தை மூத்த அண்ணாவிமார் ஏற்கத் தயங்கினர், பெரும்பான்மைக் கருத்தின்முன் எவர் அமைதியாயினர் என்பவற்றை வெளியிலிருந்து வினவும் ஆய்வு அவசியம். அதற்கு அரங்கேற்றத்தின் ஒளிப்பதிவு உதவாது. பயிற்சிக்களத்தில் கைமாறிய, அடித்தும் திருத்தியும் எழுதப்பட்ட கூத்துக் கொப்பிகளிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.