ஜாமீன் கையெழுத்தும் பவுலின் கையெழுத்தும்

ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போது ஒருவர் வந்து தோளைத் தொடுவார். கூட்டுறவுச் சங்கத்தில் கடனுக்கு எழுதிப் போட்டிருக்கிறாராம்; நம் சம்பளச் சான்றும் ஒரு கையெழுத்தும் போதுமாம். "விசுவாசி நீங்களே கைவிட்டா நான் யார்கிட்டண்ணே போவேன்?" மறுத்தால் அன்பில்லாதவன் என்று ஆகிவிடுமோ என்ற கூச்சத்திலேயே பல கையெழுத்துகள் விழுகின்றன.

வேதாகமம் இதில் ஒரே குரலில் பேசவில்லை. பிணைப்பட்டவனை வேடனிடம் சிக்கிய மானுக்கு ஒப்பிட்டு, தூங்கக்கூடச் செய்யாமல் ஓடித் தப்பச் சொல்கிறது நீதிமொழிகள் 6-ஆம் அதிகாரம். கட்ட வழியில்லாவிட்டால் படுக்கையும் பறிபோகும் என்கிறது 22-ஆம் அதிகாரம். பவுலோ சிறையிலிருந்து பிலேமோனுக்கு எழுதிய 25 வசனக் கடிதத்தில், அவருடைய அடிமை ஒநேசிமு பட்ட கடன் ஏதும் இருந்தால் தன் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்லி, தன் கைப்பட உறுதி தருகிறார்.

பவுலின் செயலில் உள்ள வலிமை கண்கூடு. கடனோடு திரும்பிப் போகிறவன் எஜமானின் முகத்தில் விழிக்க முடியாது. அந்தத் தடையை எடுத்தால்தான் அவனைச் சகோதரனாக ஏற்கச் சொல்ல முடியும். மார்ட்டின் லூத்தர் இக்கடிதத்தில் கிறிஸ்து நமக்குச் செய்ததன் சாயலையே கண்டார்.

ஆனால் இதை வைத்தே ஜாமீன் போடச் சொல்வது சறுக்கல். பவுல் ஏற்றது பழைய கடன். அதுவும் கடன் கொடுத்தவருக்கே நேராக எழுதி ஏற்றது. ஜாமீன்தாரர் ஏற்பதோ இன்னொருவரின் நாளைய ஒழுங்கை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். முதலில் கடனாளியிடம் வசூலித்துவிட்டு வா என்று வங்கியை நிறுத்தி வைக்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 1968-இல் உறுதிசெய்தது.

பவுலின் வாக்குறுதியிலும் ஒரு நெருக்குதல் இருக்கிறது: பிலேமோனே தனக்குக் கடன்பட்டவர் என்று கையோடு நினைவூட்டுகிறார். பணத்தைக் கேட்க முடியாதபடி பிலேமோனின் வாயை அன்பாலேயே கட்டிவிடுகிறார். நம் ஊர் வங்கியை அப்படிக் கட்ட முடியுமா? தவிர, பவுலுக்குக் குடும்பம் இல்லை. நம் கையெழுத்தில் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் அடங்கியிருக்கிறது. சொந்த வீட்டாரைக் கவனியாதவனை 1 தீமோத்தேயு 5-ஆம் அதிகாரம் அவிசுவாசியிலும் கெட்டவனாக வைக்கிறது.

பிறர் பாரத்தைச் சுமக்கச் சொல்லும் கலாத்தியர் 6-ஆம் அதிகாரமே, சில வசனம் தள்ளி, அவனவன் சுமை அவனவனுக்கு என்கிறது. இரண்டையும் இணைத்துச் சொல்வது கத்தோலிக்க வேதாகமத்தின் சீராக் நூல், 29-ஆம் அதிகாரம்: பிணை நிற்பவனை நல்லவன் என்கிறது, பிணையால் அழிந்தவர்களையும் காட்டுகிறது, முடிந்த அளவு உதவி, விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது.

ஆகவே, தொகை தெரிந்து, வீட்டில் பேசி, திரும்பி வராவிட்டாலும் தாங்கும் என்றால் அந்தக் கடனை ஏற்கலாம், அது தியாகம். கூச்சத்துக்குப் போடும் கையெழுத்து தியாகம் ஆகாது. ஐம்பதாயிரத்துக்கு ஜாமீன் கேட்பவருக்கு, முடிந்தால் ஐயாயிரத்தைத் திருப்பிக் கேட்காமல் கொடுத்துவிடுங்கள். பேனாவைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.